குளியலறைச் சுவரும் பூஞ்சணமும்

கேமரன் மலையில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒருநாள் விடியற்காலையில் நாம் போயிருந்தோம். வரிசையின் கடைசி வீட்டில், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் இருவரும் அப்பொழுதுதான் வெந்நீரில் குளித்து முடித்திருந்தனர். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுவர் நெடுக நீர்த்துளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தன. கூரையை ஒட்டிய மூலையில், மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் அடர்ந்திருந்தன. அவ்வீட்டுப் பாட்டி நம்மிடம், "சுவருக்கு வேர்க்கிறது, சார். எத்தனை தடவை துடைத்தாலும் மறுநாள் வேர்க்கிறது. பேரனுக்கு இருமலும் விட்டபாடில்லை" என்றார்.

'வேர்க்கிறது' என்று பாட்டி சொன்னது பொருத்தமான சொல்லே. ஆனால் மனிதனுக்கு வேர்வை உடம்பின் உள்ளிருந்து வருகிறது. சுவருக்கோ வெளியே உள்ள காற்றிலிருந்து வருகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் சுவரை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே பலர். ஆகவே இவ்விதழில் குளியலறை ஈரத்தையும் அதனால் வளரும் பூஞ்சணத்தையும் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

காற்று சுமக்கும் நீர்

ஒரு கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி போட்ட நீரை ஊற்றி மேசைமேல் வைத்தால், சிறிது நேரத்தில் குவளையின் வெளிப்புறம் நனைந்துவிடுகிறது. குவளையில் ஓட்டை இல்லை. அப்படியாயின் அந்நீர் எங்கிருந்து வந்தது? சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவியே, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் மீண்டும் நீராகி அதன்மேல் படிந்தது. குளியலறைச் சுவரில் நடப்பதும் இதுவேயாகும்.

காற்று எவ்வளவு நீராவியைச் சுமக்க முடியும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் கூடினால் சுமக்கும் ஆற்றலும் கூடும், குளிர்ந்தால் குறையும். 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 17 பாகைக்குக் குளிர்ந்தால் 14 அல்லது 15 கிராமுக்கு மேல் தாங்க இயலாது. எஞ்சிய 12 கிராமுக்குமேற்பட்ட ஆவி நீராகிவிடும்.

இனி அந்தப் பாட்டி வீட்டுக் குளியலறைக்கு வருவோம். கேமரன் மலையின் தானா ராத்தா கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு இரவில் வெப்பம் 15, 16 பாகைக்கு இறங்குவது வழக்கம். விடியும்போது சுவரும் அதே குளிர்ச்சியோடு நிற்கும். ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள குளியலறையில் 5.4 கன மீட்டர் காற்று அடங்கும். வெந்நீர் ஆவியால் அது நிறைந்து, பிறகு சுவரைத் தொட்டுக் குளிருமானால், ஏறத்தாழ 70 கிராம் நீர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையில் பாதியளவு, சுவரிலும் கூரையிலும் படிந்துவிடும். இது அறை ஒருமுறை நிரம்பியதற்கான கணக்கு மட்டுமே. ஒருவர்பின் ஒருவராக நால்வர் குளித்தால் என்னவாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"அது மலைநாட்டுக் கதை. எங்கள் தோட்டத்திலோ வெயில் கொளுத்துகிறது. எங்கள் குளியலறையில் ஏன் பூஞ்சணம்?" என்று பேரா, சிலாங்கூர், கெடா மாநிலங்களின் ரப்பர், செம்பனைத் தோட்ட மக்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தாழ்நிலத்தில் சுவர் அவ்வளவு குளிர்வதில்லை. குளிப்பதும் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான். அங்கே சுவர் வேர்ப்பதைவிட, நனைந்த சுவர் உலராமல் போவதே பெரிய தொல்லை. விடியற்காலையில் 24 பாகை வெப்பத்தில் காற்று தன்னால் இயன்ற ஆவி முழுவதையும், கன மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிராமை, ஏற்கெனவே சுமந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு துளியையும் ஏற்க அதற்கு இடமில்லை. ஆதலால் ஐந்து மணிக்குக் குளித்த ஈரம் ஏழு மணியிலும் அப்படியே கிடக்கிறது. அதே காற்று நண்பகலில் 32 பாகைக்கு ஏறும்போது ஏறத்தாழ 34 கிராம்வரை தாங்கும் திறன் பெறுகிறது. ஆகவே குளியலறையை உலர்த்த உகந்த வேளை முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரையாகும். நம் வீடுகளில் நடப்பது என்ன? அனைவரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்ற பின், அந்நேரத்தில்தான் சன்னலும் கதவும் இறுக மூடிக் கிடக்கின்றன.

தகரக் கூரையைப் பற்றியும் ஒரு சொல். வானம் தெளிந்த இரவில் தகரம் தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். எனவே மழை பெய்யாத நாளிலும் விடியும் தறுவாயில் கூரையின் அடிப்புறத்தில் துளிகள் திரண்டு கீழே சொட்டும். இதைக் கூரை ஒழுக்கு என்று எண்ணி, ஓட்டை தேடித் தாரும் பசையும் பூசிப் பணத்தை வீணாக்கியவர்கள் உண்டு.

ஒழுக்கா, வேர்வையா?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் பயன்தராது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் அறிவியல் பாடத்திற்காகக் கற்றதை வீட்டுச் சுவருக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் அது. சுவரில் ஒரு பகுதியைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர விடுக. சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, அவ்விடத்தில் பதித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுக. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் வெளிமுகம் நனைந்து உள்முகம் உலர்ந்திருக்குமாயின் ஈரம் அறைக் காற்றிலிருந்து வந்தது. தாளுக்குப் பின்புறம் நனைந்திருந்தால், சுவருக்குள்ளிருந்து நீர் வருகிறது. குழாய் கசிகிறது, கூரைத் தாழ்வாரம் ஒழுகுகிறது, அல்லது நிலத்தின் ஈரம் சுவரில் ஏறுகிறது என்று பொருள்.

பாட்டியின் வீட்டில் இரண்டு இடங்களில் தாளை ஒட்டிவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து அவர் மகன் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னார். கதவருகே ஒட்டிய தாளின் வெளிப்புறம் ஈரம். கரும்புள்ளி அடர்ந்த மூலையில் ஒட்டியதிலோ இருபுறமும் ஈரம். ஒரே குளியலறையில் இரண்டு நோய்கள்!

பூஞ்சணம் என்பது என்ன?

பூஞ்சணம் அழுக்கன்று, உயிருள்ள பொருள். பழைய ரொட்டியில் பச்சையாகப் பூப்பதும், தோல் செருப்பில் வெண்மையாகப் படர்வதும், குளியலறையில் கறுப்பாகப் புள்ளியிடுவதும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தைச் சேர்ந்த பெனிசிலியம் என்னும் பூஞ்சணத்தில்தான் 1928 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலின் மருந்தின் மூலத்தைக் கண்டார். ஆகவே பூஞ்சணமெல்லாம் பகை என்று சொல்வதற்கில்லை. அது இருக்கவேண்டிய இடம் நம் குளியலறை அன்று, அவ்வளவே.

பூஞ்சணத்தின் வித்துகள் எங்கும் காற்றில் மிதக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறியவை. அவற்றை வீட்டிற்குள் வராமல் தடுப்பது எவராலும் இயலாது. அவை முளைப்பதற்கு உணவும் ஈரமும் தேவை. சுவரில் படியும் சவர்க்கார நுரை, உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், தூசு, சாயத்தில் உள்ள பசை ஆகியவையே அதற்குப் போதிய உணவு. ஈரமும் கிடைத்துவிட்டால் ஓரிரு நாளிலேயே வளரத் தொடங்கும். உணவை அறவே ஒழிக்க முடியாது. வித்தையும் ஒழிக்க முடியாது. நம் கைக்கு அகப்படுவது ஈரம் ஒன்றே. தொட்டி ஓரத்திலும் தரையிலும் சில வீடுகளில் இளஞ்சிவப்பாக வழுவழுப்பது பூஞ்சணமன்று, பாக்டீரியா. அதற்கும் ஈரமே தாய்.

உடல் நலத்திற்கு இதனால் என்ன கேடு? ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. எல்லாரையும் அது ஒரேவகையாகத் தாக்குவதில்லை. குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளோர் ஆகியோரே எளிதில் பாதிக்கப்படுவர்.

2020 ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. குளியலறையிலும் சமையலறையிலும் பூஞ்சணம் படர்ந்த வாடகைக் குடியிருப்பில் நெடுநாள் மூச்சு விட்டதால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே காரணம் என்று 2022 ஆம் ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். குடும்பத்தினரின் வாழ்க்கை முறையே ஈரத்திற்குக் காரணம் என்று வீட்டுரிமையாளரான நிறுவனம் கருதியிருந்தது. அவ்வாறு கருதியது தவறு என்று பின்னர் அதுவே ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' என வழங்கும் விதிகள் 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றன. வாளியில் நீர் மொண்டு குளிக்கும் பழக்கமுள்ள நம்மவர்க்கு இச்செய்தி சிந்திக்கத்தக்கது. ஈரத்திற்குக் குடியிருப்பவரின் பழக்கம் ஒரு காரணமாகலாம். கட்டடத்தின் குறையும் காரணமாகலாம். ஆராயாமல் ஒருவர்மேல் பழி போடுவது யாருக்கும் அழகன்று.

பாட்டியின் பேரனுக்கு வந்த இருமல் பூஞ்சணத்தால்தானா என்று நாம் சொல்ல முடியாது. அதை மருத்துவரே சொல்லவேண்டும். இரண்டு வாரத்திற்குமேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சோதனையும் தேவைப்படும். ஆதலால் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று கிளினிக்குக்குப் போவதை ஒத்திப்போடலாகாது. இதைப் பாட்டியிடமும் அழுத்திச் சொன்னோம்.

ஆவியைக் குறைத்தலும் வெளியேற்றுதலும்

வெந்நீர்க் குளியலை விடுங்கள் என்று மலைநாட்டு மக்களிடம் சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகு கொதிநீரைக் கலந்தால் எழும் ஆவி வெகுவாகக் குறையும். குழந்தை தவறி வாளிக்குள் கையை விட்டாலும் வெந்துபோகாது; இந்த இரண்டாவது பயனுக்காகவே இப்பழக்கத்தை எல்லா வீடுகளிலும் கைக்கொள்ளலாம். கொதிநீர்ப் பானையைத் திறந்தபடி குளியலறைக்குள் வைத்திருக்கவும் வேண்டா.

குளிக்கும்போதும் குளித்த பின்னும் வீட்டிற்குள் திறக்கும் கதவை மூடி, வெளிப்புறச் சன்னலைத் திறந்து வைக்கவேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கின்றனர். அதனால் ஆவி படுக்கையறைக்குப் போய் அங்கே அலமாரியின் பின்புறம் பூஞ்சணமாகிறது.

நம் தோட்ட வீடுகளில் குளியலறைச் சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துளைக் கற்கள் பதித்திருப்பார்கள். அவை அழகுக்காகப் பதித்தவை அல்ல. சூடான ஈரக்காற்று மேலே எழும்பி வெளியேறுவதற்கான வாயில்கள் அவை. நாம் கண்ட வீடுகளில் ஏறத்தாழ பாதிக்கு மேற்பட்டவற்றில் அத்துளைகள் அட்டையாலோ, பழைய அரிசிப் பையாலோ அடைபட்டிருந்தன. கொசு வருகிறது, குளிர் அடிக்கிறது, அடுத்த வீட்டார் பார்க்கக்கூடும் என்று காரணங்கள் சொன்னார்கள். காரணங்கள் உண்மையானவையே. அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலைக் கம்பியை அறைந்தால் கொசு நிற்கும், காற்றுப் போகும். கண் மட்டத்திற்குமேல் உள்ள துளை வழியாக எவரும் பார்ப்பதற்கில்லை. 1984 ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட துணைவிதிகள், ஒவ்வொரு குளியலறைக்கும் குறைந்தது 0.2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்கின்றன. அதாவது 50 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள திறப்புக்குச் சமம். அவ்விதிகளுக்கு முன்பே கட்டிய வீடாயினும் தம் குளியலறையின் திறப்பை இவ்வளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகக் குளிப்பவர், ஒரு பழைய துண்டால் சுவரை மேலிருந்து கீழாக ஒரு தடவை வழித்துவிட்டு, துண்டை வெளியே கொடியில் பிழிந்து போட இரண்டு நிமிடம் போதும். துண்டில் வருகிற நீர் அத்தனையும், நண்பகல் வரை சுவரில் கிடந்து பூஞ்சணத்தை வளர்த்திருக்கவேண்டிய நீராகும். நனைந்த துணிகளைக் குளியலறையில் குவித்து வைப்பது அறைக்கு மீண்டும் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். குளியல் தொட்டி இருப்பின் வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுக. இது ஏடிஸ் கொசு முட்டையிடாமல் தடுப்பதற்கும் உரிய முறையாகும்.

ஈரத்தைப் போக்குவதற்காகக் கரி அடுப்பை மூட்டிக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதை ஒருபோதும் செய்யலாகாது. கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சுக் காற்று; மூடிய அறையில் அது ஆளை மயக்கி உயிரைக் கொண்டுபோய்விடும்.

மின்சார வெந்நீர்க் கருவி பொருத்தியுள்ளோருக்கு மற்றோர் எச்சரிக்கை. சுவரில் வழியும் நீர் மின்கம்பி இணைப்புகளுக்குள்ளும் புகும். 1994 ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, தரை நனையும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும். அக்கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால், தகுதி பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை வெந்நீர்க் கருவியைப் பயன்படுத்தலாகாது.

பூஞ்சணத்தை அகற்றும் முறை

உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தேய்த்தால் வித்துகள் பறந்து மூக்கில் ஏறும். முதலில் சவர்க்கார நீரால் நனைத்து, பிறகு தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். வழவழப்பான சுவருக்கும் ஓட்டுக்கும் பெரும்பாலும் இதுவே போதும். கறை போகாத இடத்தில் வெளுப்பு நீரைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேற்படாமல் கலந்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துச் செய்க. பிள்ளைகள் வெளியே இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் இவ்வேலையில் இறங்க வேண்டா.

இவ்விடத்தில் வாசகர்கள் மிகக் கவனமாக இருக்கவேண்டும். ஒரு தீபாவளிக்கு முன், நமக்கு அறிமுகமான அம்மையார் ஒருவர், வெளுப்பு நீர் போதவில்லை என்று எண்ணி, கழிவறை கழுவும் அமிலத்தையும் அதே வாளியில் ஊற்றினார். அடுத்த நொடியில் கண் எரிந்து, மூச்சு முட்டி, தவழ்ந்துதான் வெளியே வந்தார். இரண்டும் கலந்ததும் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழுந்தது. சமையற்கட்டில் உள்ள வினிகரோடு சேர்த்தாலும் அதே கேடுதான். அமோனியா கலந்த துப்புரவு நீரோடு சேர்த்தாலும் வேறொரு நச்சுக்காற்று உண்டாகும். 'இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரட்டிப்புச் சக்தி' என்னும் எண்ணம் இங்கே செல்லாது. வெளுப்பு நீரைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பதும் கூடாது.

பழைய வீடுகள் சிலவற்றின் கூரையும் உட்கூரையும் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகளாக இருக்கலாம். அத்தகட்டைச் சுரண்டவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டா. அதன் துகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு நிருவாகத்திற்குத் தெரிவிக்கவும்.

பூஞ்சணத்தின்மேல் அப்படியே சாயம் பூசினால் சில வாரங்களில் சாயத்தையும் துளைத்துக்கொண்டு அது தலைகாட்டும். சுத்தம் செய்து முழுவதும் உலர்ந்த பின்னரே பூசவேண்டும். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் நம் முன்னோர் வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையைப் பூஞ்சணம் விரும்புவதில்லை. மேலும் அது ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் சுவரை உலரவிடும். காலம் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கலந்து அக்காரம் தணிந்துவிடுவதால்தான் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் சாயம் வந்த பிறகு சுண்ணாம்பை ஏழ்மையின் அடையாளமாகக் கருதத் தொடங்கிவிட்டோம். அது நமக்கு உடன்பாடில்லை.

நிருவாகத்தின் பங்கு

மேலே சொன்னவை யாவும் காற்றிலிருந்து வரும் ஈரத்திற்கு மருந்து. சுவருக்குள்ளிருந்து வரும் ஈரத்திற்கு அவை மருந்தாகா. தீபகற்ப மலேசியாவில், ஊழியர்க்கான குறைந்தபட்ச வீட்டுத் தரத்தை வகுக்கும் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446), தொழிலாளர்க்குத் தரும் வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. ஆகவே ஒழுகும் கூரையையும் கசியும் குழாயையும் பற்றி நிருவாகத்திடம் சொல்வது சலுகை கேட்பதாகாது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, வீட்டு எண், குறை, அது தொடங்கிய நாள், வீட்டில் நோயுற்றோர் இருப்பின் அவ்விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நலம். படம் எடுத்து வைப்பது இன்னும் நலம். உரிய காலத்தில் பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். தொழிற்சங்கக் கிளையின் உதவியையும் நாடலாம்.

பாட்டியின் மகனும் அவ்வாறே எழுதிக் கொடுத்தார். மூன்று மாதங்கழித்து நாம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றபோது, மூலைக்கு நேர் மேலே துருப்பிடித்திருந்த நீர்த்தாரை மாற்றப்பட்டிருந்தது. காற்றுத் துளைகளில் அட்டைக்குப் பதிலாகக் கம்பிவலை இருந்தது. பேரனைப் பெரிய மருத்துவமனையில் காட்டி, ஆஸ்துமாவென்று கண்டு, மூச்சிழுக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். கதவருகே சுவர் உலர்ந்திருந்தது. மூலையில் மட்டும் உள்ளங்கையளவு மங்கிய கறை எஞ்சியிருந்தது. பல ஆண்டு ஊறிய சுவர் உலர இன்னும் சில மாதம் ஆகலாம். "அதற்குள் சாயம் அடித்துவிடட்டுமா, சார்?" என்று மகன் கேட்டார். நாம் பதில் சொல்வதற்குள் பாட்டி குறுக்கிட்டு, "முதலில் அந்த வெள்ளித் தாளை ஒட்டிப் பார், ஐயா" என்றார்.